விசிட்டர் நோட்டில் பத்தொன்பது கையெழுத்து

கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்காருங்கண்ணா, இடம் இருக்கிறது. ஆனால் மெதுவாகத்தான் பேசணும். என் தோளில் தலை சாய்த்துத் தூங்குகிறாரே, இவர் ஏட்டு குப்புராஜ். மஃப்டியில் இருப்பதால் உங்களுக்குத் தெரியவில்லை. என்னை ஜெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். அட, எழுந்திருக்காதீங்க. நான் கடிக்க மாட்டேன். தூக்கம் கலைந்தால் இவர்தான் கடிப்பார்.

இந்தத் துண்டைப் பாருங்க. ஒரு முனை அவர் கையில், ஒரு முனை என் மணிக்கட்டில். இதற்குப் பேர் முடிச்சாம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு ரிப்பன் கட்டின மாதிரி இருக்கிறது. இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். அரசாங்கக் காவல் என்றால் இவ்வளவுதான். எங்கள் பக்கம் கனகசபாபதி சார் என்று ஒருத்தர், அவர் மட்டும் இதைப் பார்த்திருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

உங்கள் காலடிச் சாக்கில் மோட்டாருங்களா? அரை ஹெச்பி. பஸ் குலுங்குகிற சத்தத்திலேயே தெரிகிறது. வைண்டிங் கட்டக் கொண்டு போறீங்களாக்கும். எனக்கும் அந்த லைன்தான். இல்லைங்க, ரிப்பேர் இல்லை. எடுக்கிறது. ஏனுங்கண்ணா சாக்கை ஜன்னல் பக்கம் தள்ளறீங்க? இன்றைக்கு எனக்கு லீவு.

என் பேர் மாகாளியப்பன். மோட்டார் மாகாளி என்றால் பொன்விழா நகர் முழுக்கத் தெரியும். ராத்திரித் தொழில் நமக்கு ஆகாது, பார்வை மங்கல். பட்டப்பகல் பதினோரு மணி, காக்கிச் சட்டை, கையில் பைப் ரிஞ்சு, காலிங் பெல். "சார் கூப்பிட்டாருங்க, மோட்டார்ல தண்ணி ஏறலைன்னு." உள்ளே இருக்கிற அம்மா, "ஆமாங்க, ஏறவே மாட்டேங்குது, நல்லாப் பாருங்க" என்பார்கள். எந்த வீட்டு மோட்டாரில் தண்ணீர் ஒழுங்காக ஏறுகிறது, சொல்லுங்க. கழற்றிச் சைக்கிள் கேரியரில் வைத்தால் கயிறு பிடித்துக் கொடுப்பார்கள். சில வீட்டில் மோர்கூடக் கிடைக்கும்.

அப்படி எடுத்ததில் ஒன்று கனகசபாபதி சார் வீட்டு மோட்டார். காலேஜில் பொருளாதாரம் நடத்தி ரிட்டயர் ஆனவர், நகர் சங்கத்துக்குச் செயலாளர். இதே ஏட்டய்யா மூன்றே நாளில் என்னைப் பிடித்துவிட்டார். மோட்டாரும் கிடைத்துவிட்டது. அங்கேதான் வினை. கேஸ் சொத்து என்று அட்டை கட்டி நகரிலிருந்த புறக்காவல் நிலையத்திலேயே வைத்துவிட்டார்கள். கோர்ட் சொல்லாமல் தர மாட்டார்களே. சார் தினமும் வந்து ஜன்னல் வழியாகத் தன் மோட்டாரைப் பார்த்துவிட்டுப் போவார், ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்க்கிற மாதிரி. வீட்டில் பக்கெட் குளியல்.

எனக்கு ஜாமீன் கிடைத்தது, நிபந்தனையோடு. முப்பது நாள், தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. ஒரு நாள் தப்பினாலும் ஜாமீன் ரத்து. இந்தத் தடவை தப்பவே கூடாது என்று எனக்கு வைராக்கியம். என் பொண்ணு கோகிலவாணிக்குக் கல்யாணம் ஆனபோது நான் உள்ளே இருந்தேன். பொண்ணோட அப்பா எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் என் சம்சாரம் "துபாய்ல இருக்கார்" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறாள். இப்போது பொண்ணுக்கு ஏழாம் மாசம். முப்பத்தோராம் நாள் வளைகாப்பு என்று நாள் குறித்தார்கள். சம்சாரம் சொன்னாள்: "இதுக்காச்சும் துபாய்லேர்ந்து வந்து சேருங்க. இல்லைன்னா அங்கேயே இருந்துக்கங்க."

பதினோரு நாள் ஒழுங்காகப் போனது. ஏட்டய்யா கையெழுத்து வாங்குவார், திட்டுவார், அவர் டீயில் பாதியை எனக்கு ஆற்றிக் கொடுப்பார். அந்தச் சமயத்தில்தான் சங்கக் கூட்டம் போட்டார்கள்.

சார் பேசுவது எப்படி இருக்கும் தெரியுமா? ஜலதோஷம் பிடித்தவர் மைக்கில் பேசுகிற மாதிரி, மூக்காலேயே வரும். கேட்கிறதும் அவரே, பதில் சொல்லுகிறதும் அவரே. இதோ இப்படி:

"ஒரு ஊர்ல ஒரே ஒரு சலூன்தான் இருக்கணும்னு சட்டம் போட்டா என்ன ஆகும்? ஒருத்தர் தலையும் பாக்கற மாதிரி இருக்காது. போலீஸ் என்ன? ஒரே கடை. பிடிக்கலைன்னா வேற கடைக்குப் போக முடியுமா? முடியாது. வரியை மட்டும் முதல்லயே வாங்கிடறான். ஏன்? போட்டி இல்லை. காவலும் ஒரு சேவைதான் ஐயா. நாலு கம்பெனி போட்டி போட்டு வித்தா, கஸ்டமர் போயிடுவானேன்னு பயந்துக்கிட்டே திருடனைப் பிடிப்பான்."

ஒரு பெரியவர் எழுந்து, "ரெண்டு கம்பெனிக்குள்ள அடிதடி வந்தா?" என்றார்.

"வராது. அடிதடி நஷ்டம். ரெண்டு பேரும் ஒத்துக்கற ஒரு நடுவர்கிட்ட போவாங்க."

"இல்லாதப்பட்டவன் என்ன பண்ணுவான்?"

"அவனுக்குன்னு மலிவா ஒரு ஸ்கீம் வரும்."

எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. இதையெல்லாம் அச்சடித்து ஆளுக்கொரு சின்னப் புத்தகமும் கொடுத்தார். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். முதலில் கை தட்டினவன் நான்தான். என் மோட்டார் விஷயத்தையே நாலு தடவை உதாரணம் காட்டினார். மனுஷனுக்குப் பெருமையாக இருக்காதுங்களா?

புறக்காவல் நிலையம் இருந்த கட்டடம் சங்கத்துக்குச் சொந்தம். காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஏட்டய்யா மேஜை, பீரோ, சார் வீட்டு மோட்டார் எல்லாவற்றையும் குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். போகும்போது, "மாகாளி, நாளையிலேர்ந்து டவுன் ஸ்டேஷனுக்கு வந்து போடு. பதினாலு கிலோமீட்டர். ஒன்பது மணிக்கு பஸ். மறந்து தொலைச்சிடாதே" என்றார். தலையாட்டினேன்.

மறுநாள் பன்னிரண்டாவது கையெழுத்து. பஸ்ஸுக்குப் போகிற வழியில் பழைய கட்டடத்தைப் பார்த்தால் பளபளவென்று போர்டு: 'வஜ்ராயுதம் செக்யூரிட்டி'. உள்ளே ரிட்டயர்டு ஹவில்தார் நாச்சிமுத்து. கிணத்துக்கடவுப் பக்கத்து ஆள்தான், ஆனால் பதினெட்டு வருஷம் பார்டரில் இருந்ததால் முதல் வார்த்தை இந்தியில்தான் வரும்.

"கோன் ஹை? யாரு?"

"கையெழுத்துப் போடணுமுங்க."

"கஸ்டமரா?"

"அக்யூஸ்டுங்க."

ஒரு பைலை எடுத்துப் புரட்டினார். "அப்படி ஒரு ஸ்கீம் நம்மகிட்ட இல்ல. பிரான்ஸ் இருக்கு, அதான் வெண்கலம், சில்வர் இருக்கு, கோல்டு இருக்கு. எது?"

"ஏனுங்க, இது ஸ்டேஷன் இல்லீங்களா?"

"அதுக்கும் மேல. ஸ்டேஷன்ல உனக்கு எவனாச்சும் சேர் குடுத்தானா? பைட்டோ. உக்காரு."

உட்கார்ந்தேன். அண்ணா, முப்பது வருஷத் தொழிலில் காக்கி போட்ட ஒருத்தர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. சில்வரில் சேர்ந்தேன். அட்டை கொடுத்தார்: 'கஸ்டமர் எண் 1'. கடை திறந்து முதல் ஆள் நான்தானாம். எழுந்து சல்யூட் வேறு அடித்தார்.

பிறகு ஒரு நீள நோட்டைத் திருப்பி வைத்தார். பெயர், எங்கிருந்து, யாரைப் பார்க்க, நோக்கம், வண்டி எண், உள்ளே, வெளியே. எவ்வளவு கட்டம், பாருங்க. ஏட்டய்யா நோட்டில் இரண்டே கட்டம். எது நல்ல நோட்டு, நீங்களே சொல்லுங்க. நோக்கம் என்கிற இடத்தில் 'கையெழுத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினாலு கிலோமீட்டர் மிச்சம்.

நாலு நாள் கழித்து டீக்கடையில் ஏட்டய்யா என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன்டா வரலை?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"மடையா. அது கேட்டுல வெக்கற விசிட்டர் நோட்டுடா. தண்ணி கேன் போடறவன் எழுதற நோட்டு. இன்னிக்காச்சும் எங்கூட வா. விட்டுப்போன நாளுக்கு மன்னிப்புக் கேட்டு நானே மனு எழுதித் தரேன்."

"நீங்க கோவிச்சுக்கக் கூடாது," என்றேன். "நான் இப்ப உங்க கஸ்டமர் இல்லீங்க. வேற கடைக்கு மாறிட்டேன்."

ஏட்டய்யா என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பொறாமைதான், வேறென்ன.

இதற்குள் நகரில் இன்னொரு கம்பெனி வந்துவிட்டது. கூட்டிவந்ததே கனகசபாபதி சார்தான். ஒரே கம்பெனி இருந்தால் அதுவும் போலீஸ் மாதிரி ஆகிவிடுமாம். 'கவசம்' என்று பேர், பிரியதர்ஷினி மேடம் மேனேஜர். மேடம் குரல் பாயசம் மாதிரி. திட்டினால்கூட "உங்கள் பொறுமைக்கு நன்றி சார்" என்றுதான் முடியும். சார் வஜ்ராயுதத்தை விட்டுவிட்டு அதில் சேர்ந்தார், எல்லாவற்றிலும் மலிவான ஸ்கீம். பாதித் தெரு அவர் பின்னால் போனது. அன்றிலிருந்து வஜ்ராயுதம் ஆள் வஜ்ராயுதம் வீட்டுக்கு மட்டும் சல்யூட் அடிப்பான். பக்கத்து வீட்டுக்காரர் வணக்கம் சொன்னால் மரத்தைப் பார்ப்பான்.

ஒரு நாள் சாக்கடையிலிருந்து சாரைப்பாம்பு வந்தது. வஜ்ராயுதம் ஆட்கள் ஆறாம் நம்பரிலிருந்து கம்போடு விரட்டினார்கள். ஒன்பதாம் நம்பர் வாசலில் சட்டென்று நின்றுவிட்டார்கள். அது கவசம் வீடு. கவசம் ஆள் போனை எடுத்து மேடத்தைக் கேட்டான். "பாம்பு பத்தி நமக்கு இன்னும் கம்ப்ளெயின்ட் வரலையே. வீட்டுக்காரங்க ஆப்ல பதிவு பண்ணிட்டாங்களா? உங்கள் பொறுமைக்கு நன்றி." பாம்பு பொறுமையாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எந்த ஸ்கீமும் எடுக்காத காலி மனையில் போய்ப் படுத்துக்கொண்டது. சார் மாடியிலிருந்து, "பாத்தீங்களா, மார்க்கெட் தானாவே ஒரு தீர்வு கண்டுபிடிச்சிருச்சு" என்றார்.

இருபத்தாறாம் நாள் சார் புதிதாக மாட்டின மோட்டார் காணாமல் போனது. யார் எடுத்தார்கள் என்பது இப்போது முக்கியமில்லை. புது மோட்டார், செம்பு வைண்டிங். நமக்கோ கையில் சில்வர் ஸ்கீம் இருக்கிறது. மனுஷனுக்கு ஒரு தைரியம் வருமா வராதா? அவ்வளவுதான் சொல்லுவேன். மறுநாள் நான் கையெழுத்துப் போடப் போனபோது அது என் சைக்கிள் கேரியரில் இருந்தது.

போட்டுவிட்டு வெளியே வந்தால் கவசம் ஆட்கள் நாலு பேர், மேடம், சார். "அது என் மோட்டார்" என்றார் சார். மேடம், "சார், தயவுசெய்து எங்களோடு ஒத்துழைக்கவும்" என்று என் கையைப் பிடிக்க வந்தார். ஹவில்தார் நடுவில் வந்து நின்றார்.

"ருக்கோ. நில்லுங்க. இவரு நம்ம சில்வர். இவரைத் தொட்டா கம்பெனியைத் தொட்ட மாதிரி."

"திருடினவரை நீங்க காப்பாத்தறீங்க சார்."

"திருடினாரா இல்லையான்னு கேக்கறது நம்ம பாலிசி இல்ல. காப்பாத்தறது பாலிசி."

இரண்டு பக்கமும் லத்தியைத் தூக்கிவிட்டார்கள். சார்தான் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தார். "சண்டை நஷ்டம், சண்டை நஷ்டம். நடுவர்கிட்ட போகணும்." யார் நடுவர்? இரண்டு கம்பெனிக்கும் பொதுவான ஒரே ஆள் இஸ்திரி வேலுச்சாமிதான். இரண்டு யூனிபாரமும் அவர் வண்டியில்தான் தேய்கிறது. புங்க மரத்தடியில் கூடினோம். வேலுச்சாமி பெட்டியில் கரியைத் தள்ளிக்கொண்டே கேட்டார்.

"மாகாளி என்ன ஸ்கீமு?"

"சில்வர்," என்றார் ஹவில்தார்.

"சாரு?"

"பிரான்ஸ் லைட்," என்றார் மேடம், கொஞ்சம் சத்தம் குறைத்து.

"அப்பறம் எதுக்கு எங்கிட்ட வந்தீங்க? சில்வர் மேல பிரான்ஸ் கைவெக்க முடியுங்களா? அடுத்த துணியைக் குடுங்க."

சார் வாயைத் திறந்தார். ஹவில்தார், சார் கூட்டத்தில் கொடுத்த அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து நாலாம் பக்கத்தைப் படித்தார்: 'நடுவரின் தீர்ப்பே இறுதியானது. அதற்குக் கட்டுப்படுபவனே சுதந்திர மனிதன்.' சில்வர் கஸ்டமரைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கடிதமும் வேண்டும் என்றார். சார் சங்க லெட்டர்பேடிலேயே எழுதிக் கொடுத்தார். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் முகத்தில் ஒரு சந்தோஷம். "எனக்கு நஷ்டம்தான் மாகாளி. ஆனா பாரு, கொள்கை வேலை செஞ்சிருச்சு" என்றார். மோட்டாரை மறுபடி இழுத்துக் கட்டும்போது கயிறு பிடித்துக் கொடுத்தது அவர்தான். தங்கமான மனுஷன்.

முப்பது நாள் முடிந்தது. இன்றைக்குக் காலையில் கோர்ட். முப்பதும் போட்டாச்சு என்று காட்டிவிட்டு நேராக வளைகாப்புக்குப் போகிறதாகத் திட்டம். அதனால்தான் பாருங்க, புது வேட்டி. ஏட்டய்யா முன்னாலேயே ரிப்போர்ட் வைத்திருக்கிறார்: 'பதினோரு நாள் வந்தான், பத்தொன்பது நாள் வரவில்லை.' நான் விடுவேனா? ஹவில்தாரிடமிருந்து வாங்கிவந்த நோட்டை நீட்டினேன். மாஜிஸ்டிரேட் அம்மா வாசித்தார்.

"பெயர், மாகாளியப்பன். யாரைப் பார்க்க, ஹவில்தார். நோக்கம், கையெழுத்து. வண்டி, சைக்கிள்." விரலை மேலும் கீழும் ஓட்டினார். "மேல் வரி, கேஸ் சிலிண்டர். கீழ் வரி, தண்ணி கேன். இது என்னப்பா?"

"ஸ்டேஷன் நோட்டுங்கம்மா. இதுல கட்டம் ஜாஸ்திங்க."

கோர்ட்டே சிரித்தது. ஏட்டய்யா மட்டும் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹவில்தார் அட்டென்ஷனில் நின்று, "பங்க்சுவாலிட்டி ஏ ஒன், சாப்" என்றார். அந்த அம்மாவைப் போய் சாப், ஐயா என்கிறார்.

நிலைமை சரியில்லை என்று எனக்குப் பட்டது. இருந்த பெரிய ஆயுதத்தை எடுத்தேன். "அம்மா, புகார் குடுத்தவரே எனக்கு நன்னடத்தைச் சான்று குடுத்திருக்காருங்க." சார் எழுதின கடிதத்தைக் கொடுத்தேன். என் வக்கீல் என் சட்டையைப் பிடித்து இழுத்தார், அதற்குள் கொடுத்துவிட்டேன். அம்மா ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு சத்தமாக: "'தங்கள் சைக்கிள் கேரியரில் கட்டப்பட்டிருந்த என் மோட்டாரை என் மோட்டார் என்று கூறித் தங்கள் மனதைப் புண்படுத்தியமைக்கு வருந்துகிறேன்.' தேதி, ஜாமீன்ல இருக்கற இருபத்தேழாம் நாள்."

ஜாமீன் ரத்து. புதுக் கேஸ் ஒன்று. எழுத்தில் கொடுத்த மன்னிப்புக்கே இந்த நாட்டில் மதிப்பில்லை, பார்த்தீங்களா.

இதில் எனக்கு வருத்தமெல்லாம் இந்த ஏட்டய்யா மேல்தான். ஒரு வேலையாவது உருப்படியாகச் செய்கிறாரா? ஜெயிலுக்கு நேர் பஸ் நின்றுகொண்டிருந்தது, அதை விட்டுவிட்டு ஊரெல்லாம் சுற்றுகிற இந்த பஸ்ஸில் ஏற்றினார். ஏறுவதற்கு முன்னால் வளையல் கடையில் நின்று, "கண்ணாடி வளையல்ல எந்தக் கலர்டா நல்லாருக்கும்?" என்றார். பச்சையும் சிவப்பும் என்றேன். "உன் பொண்ணு கை என்ன சைசு?" என்றார். ரெண்டு நாலு என்றேன். அதையே இரண்டு டஜன் வாங்கி என் மடியில் வைத்து, "ஒடைச்சே, தொலைச்சிருவேன்" என்று மிரட்டிவிட்டுத் தூங்கப் போனார். இதோ பொட்டலம். ஏட்டம்மா கையை நான் பார்த்திருக்கிறேன் அண்ணா, உலக்கை மாதிரி இருக்கும். இந்த வளையல் அவர்கள் விரலைத் தாண்டாது. கட்டின சம்சாரத்தின் கை அளவு தெரியாத மனுஷன், என்னத்தைத் துப்புத் துலக்கப் போகிறார். கனகசபாபதி சார் சொல்வது சும்மா இல்லை, போட்டி இல்லாவிட்டால் இப்படித்தான்.

வேகம் குறைகிறதே, காரைப்பாளையம் வந்துவிட்டதுங்களா? இங்கே பத்து நிமிஷம் நிற்கும். டிரைவர் டீ குடிப்பார்.

அண்ணா, அந்தப் பந்தல் தெரிகிறதா? வாழை மரம் கட்டி, மைக் செட்டு பாடுகிறதே, அதுதான். மாப்பிள்ளை வீடு. பச்சைப் பட்டில் நடுவில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் கோகிலா. கன்னத்தில் சந்தனம் பூசியிருக்கிறார்கள் போல, இங்கிருந்து மங்கலாகத்தான் தெரிகிறது. பக்கத்தில் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பது என் சம்சாரம்.

என்ன சத்தம்? ஓ, ஏட்டய்யா குறட்டை. இவ்வளவு நேரம் இல்லாமல் இப்போதுதான் ஆரம்பிக்கிறார்.

அண்ணா, நான் ஒன்று செய்யப் போகிறேன், நீங்கள் தப்பாக எடுத்துக்கக் கூடாது. முப்பது வருஷத் தொழிலில் போலீஸ்காரர் சொத்தில் நான் கைவைத்ததே இல்லை. ஆனால் இந்த வளையல் ஏட்டம்மாவுக்கு எப்படியும் ஏறாது. ஒரு டஜன் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வேண்டாம், பிரிக்க நேரமில்லை, பொட்டலத்தோடேயே போகட்டும். பத்து நிமிஷத்தில் வந்துவிடுவேன், சத்தியம். துண்டு பாருங்க, தொட்டதும் அவிழ்ந்துவிட்டது.

கொஞ்சம் உங்கள் தோளைக் கொடுங்க. இப்படி, இன்னும் கொஞ்சம் கீழே. தலை சரிந்தால் முழித்துக்கொள்வார். அப்படியே அசையாமல் இருங்க. என்னங்க, சிரிக்கிறாரா? தூக்கத்தில் சிரிப்பார்போல, நமக்கென்ன.

முழித்துக்கொண்டு, மாகாளி எங்கே என்று கேட்டால், துபாய்க்குப் போயிருக்கான், இதோ வந்துடுவான் என்று சொல்லுங்க.